கட்டினால் முடிந்ததா? ஒரு சலானின் பின்னால் போன குறிப்புகள்

போக்குவரத்துச் சலான் வந்தால் நம்மூரில் இரண்டே அறிவுரைதான் கிடைக்கும். "கட்டித் தொலைச்சிடுங்க" என்பது ஒன்று. "கண்டுக்காதீங்க, எப்படியும் தள்ளுபடி விடுவாங்க" என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. "இது நான் செய்ததில்லை" என்று சொல்கிற வழி. அதை யாரும் சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணமும் உண்டு. அந்த வழி கோர்ட் வாசல் வரைக்கும் போகக்கூடியது, கோர்ட் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. சில மாதங்களாக மோட்டார் வாகனச் சட்டத்தையும் அதன் விதிகளையும் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் வக்கீல் இல்லை. படித்ததையும், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது கணியூர். டோல்கேட் இருக்கிற கணியூர் இல்லைங்க. அது கோவை மாவட்டம், கருமத்தம்பட்டி பக்கம், தேசிய நெடுஞ்சாலை 544-இல் இருப்பது. எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகா, அமராவதி ஆற்றுப் பக்கம். வெறும் ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சலானில் 'இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகும் என்பது அந்தக் கட்டத்தை வைத்துத்தான். 'கணியூர்' என்று போட்டிருந்தால் எந்தக் கணியூர் என்று முதலில் பாருங்கள்.

அடிப்படையில் இருந்து ஆரம்பிப்போம். சலான் என்பது தீர்ப்பு இல்லை. உங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது என்று சொல்லும் தாள், அவ்வளவுதான். தண்டிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான் உண்டு, போலீஸுக்குக் கிடையாது. அப்படியென்றால் ரோட்டோரத்தில் எஸ்.ஐ. எப்படிப் பணம் வாங்குகிறார்? அதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 200-ஆவது பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட சில குற்றங்களை, மாநில அரசு நியமித்த அதிகாரி, அரசு நிர்ணயித்த தொகையை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கு அனுப்பாமலே முடித்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்கு அபராதம் என்று பெயரில்லை, இணக்கக் கட்டணம் என்று பெயர். "நீ கோர்ட்டுக்குப் போக வேண்டாம், நானும் உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை" என்று இரண்டு பக்கமும் இணங்கிப் போவது. இணங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கட்டாயம் எதுவும் இல்லை.

தொகைகள் ஏன் இவ்வளவு ஏறின என்று கேட்பவர்களுக்கு: 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உயர்ந்த அபராதங்கள் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன. தமிழ்நாடு தன்னுடைய இணக்கக் கட்டணங்களை 2022 அக்டோபரில்தான் அதற்கேற்ப மாற்றியது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாய் என்றிருந்தது ஒரே தாவலில் 1000 ஆனது. 100 ரூபாய் காலத்தில் சலானைப் பற்றி ஆராய்ச்சி செய்ய யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து ஓட்டுகிறார். உடுமலைப் பக்கத்து மில்களில் நூல் மூட்டை ஏற்றித் திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் இறக்குவார். திரும்பும்போது கிடைத்த லோடு. அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவருடைய வண்டி நம்பர், அவர் அந்த மாதம் போயே இராத ஒரு நகரம், 1000 ரூபாய். குற்றம்: தலைக்கவசம் அணியாதது.

நாலு சக்கர வண்டிக்கு ஹெல்மெட் கேஸ். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவர் சிரிக்கவில்லை. "ஆயிரம் ரூவாதானுங்க தம்பி. கட்டிப்போட்டுப் பொழப்பப் பாக்கலாம். இதுக்குன்னு ஒரு நாள் வண்டிய நிறுத்துனா அதுக்கு மேல போயிருமுங்க" என்றார். கணக்கு என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நானும் மறுத்திருக்க மாட்டேன், 200-ஆவது பிரிவின் கடைசியில் 2019-இல் சேர்த்த இரண்டு வரிகளைப் படித்திருக்காவிட்டால்.

முதல் வரி: இணக்கக் கட்டணம் கட்டி முடித்த குற்றமும், அடுத்த முறை பிடிபடும்போது 'ஏற்கனவே செய்த குற்றம்' என்றே எண்ணப்படும். இரண்டாவது வரி: கட்டணம் கட்டிவிட்டதால் 206-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு நடவடிக்கையில் இருந்து தப்ப முடியாது. அது என்ன என்று தேடிப் போனால், வேகம், ஆபத்தான ஓட்டுதல், குடித்து ஓட்டுதல், டூவீலரில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாதது என்று ஒரு பட்டியல் வருகிறது. இவற்றில் ஓட்டுநரின் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓ-வுக்கு அனுப்பி, தகுதி நீக்க நடவடிக்கை எடுக்கலாம். ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவோ இன்னும் நேரடியாகப் பேசுகிறது: 1000 ரூபாய் அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம்.

ஹெல்மெட் போடாத எல்லாருக்கும் மூன்று மாதம் லைசென்ஸ் போய்விடுகிறதா என்றால், நடைமுறையில் அப்படி இல்லை. ஆனால் கதவு திறந்துதான் கிடக்கிறது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, சில குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்குங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியதும் நினைவிருக்கட்டும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 1000 ரூபாய் ஒரு நாள் கணக்கு. லைசென்ஸ் மூன்று மாதக் கணக்கு. அண்ணனிடம் இதைச் சொன்னதும் "அட, அப்புடியொண்ணு இருக்குதுங்களா" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டதாகத் தன் பேரில் ஒரு பதிவு விழுவதில் அவருக்கு இஷ்டமில்லை.

என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களும் போட்டால் சலான் விவரம் வரும். அதில் படம் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொகையையே பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம்தான் மிஞ்சும். படத்தில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்ததில் நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்து 'டி'. அதை 'பி' என்று படித்திருக்கிறார்கள். வளைவு அழிந்த பழைய பிளேட், அதனால் வந்த வினை. இப்படி எழுத்து மாறிப்போவது ஒரு வகை. இன்னொன்று வேண்டுமென்றே அடுத்தவர் நம்பரை எழுதிக்கொண்டு சுற்றுவது. அப்படித் தெரிந்தால் முதல் வேலை உள்ளூர் ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வைப்பது. நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே கேடயம் அந்த ரசீதுதான்.

அந்தத் தளத்திலேயே குறை தெரிவிக்க ஓரிடம் இருக்கிறது. சலான் நம்பர், ஆர்சி நகல், வண்டியின் முன்பக்கப் படம் மூன்றையும் போட்டு, நாலே வரியில் எழுதினோம். "இது சரக்கு வண்டி, படத்தில் இருப்பது ஸ்கூட்டர், எழுத்து ஒன்று மாறியிருக்கிறது, சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகு அதே மனுவை, சலான் போட்ட போக்குவரத்துப் பிரிவின் அதிகாரிக்கு ஒப்புகை அட்டை வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. இன்னும் சில நாள் கழித்துத் தளத்தில் அந்தச் சலான் நிலுவைப் பட்டியலில் இல்லை. ஒரு வார்த்தை பதில் வரவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. போகட்டும். மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை, வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

எல்லாக் கேஸும் இவ்வளவு சுளுவாக முடியாது. கேமரா போட்ட சலானாக இருந்தால் பார்க்க வேண்டியவை வேறு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவுக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட்டும் குற்றமும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், கருவி காட்டிய அளவு எல்லாம் சலானோடு இருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை பதிவை அழிக்கக் கூடாது.

வேகம், ஆபத்தான ஓட்டுதல் இரண்டுக்கும் (183, 184 பிரிவுகள்) இதைவிடப் பழைய ஒரு காப்பு இருக்கிறது. 209-ஆவது பிரிவு. குற்றம் நடந்த இடத்திலேயே "உன் மேல் வழக்குப் போடுவோம்" என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் ஓட்டியவருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 28 நாளுக்குள் சம்மன் வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்காவிட்டால் தண்டிக்க முடியாது என்பது பொது விதி. சட்டம் 14 நாள் என்கிறது, விதி 15 நாள் என்கிறது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை போல. அதேபோல் வேகத்துக்கு, "பார்த்தால் வேகமாகத்தான் போனான்" என்று ஒரு சாட்சி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வது மட்டும் போதாது. கருவியின் அளவீடு வேண்டும் என்று 183-ஆவது பிரிவே சொல்கிறது.

வண்டியை ஓட்டியது நீங்கள் இல்லை, மச்சான் ஓட்டிப்போனான் என்றால்? 133-ஆவது பிரிவின்படி போலீஸ் கேட்டால் ஓட்டியவர் யார் என்று சொல்வது உரிமையாளரின் கடமை. சொல்லாமல் மறைப்பது தனிக் குற்றம். அதனால் "தெரியாது" என்று மழுப்புவதைவிடப் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. மச்சான் கோவித்துக்கொள்வது உங்கள் குடும்ப விஷயம்.

ரோட்டில் நிறுத்திப் போடும் சலானில் ஒரே ஒரு விஷயம் சொல்லி நகர்கிறேன். ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் கையில் இல்லை என்பதும் அவை உங்களிடம் இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5000, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2000 வரை. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவருக்கு 139-ஆவது விதி 15 நாள் தருகிறது. அதற்குள் காட்டினால் போதும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆப்பில் காட்டுவதும் 2018-இல் இருந்து செல்லும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது செல்லாது. மில் வேலைக்குப் போகும் தம்பிகள் பாதிப்பேர் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கட்டவில்லை, மனு கொடுத்தும் நடக்கவில்லை. அடுத்தது கோர்ட்.

இப்போது கோர்ட்டே முதலில் போனுக்குத்தான் வருகிறது. மெய்நிகர் நீதிமன்றம் என்கிறார்கள். 2019-இல் டெல்லியில் ஆரம்பித்தது, தமிழ்நாட்டுப் போக்குவரத்துச் சலான்களுக்கும் உண்டு. கட்டாத சலான் அங்கே போகும். ஒரு நீதிபதி அதைத் திரையில் பார்த்து அபராதத் தொகையைக் குறிப்பார். உங்களுக்கு மெசேஜ் வரும். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், வழக்கு முடிந்தது. இதையும் இணக்கக் கட்டணத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது போலீஸோடு இணங்கிப் போவது, இது கோர்ட்டில் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது. "நான் வழக்காடுகிறேன்" என்று தேர்ந்தெடுத்தால் கேஸ் நிஜமான மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு மாறும்.

எந்தக் கோர்ட்டுக்கு என்பதில்தான் சாமானியனின் கஷ்டம் இருக்கிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்தக் கோர்ட்தான் விசாரிக்கும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 197-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, அதற்கு முந்தைய சட்டத்திலும் அதுவேதான். உடுமலையில் நடந்தது என்றால் கணியூர்க்காரன் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பலாம். சென்னையில் நடந்தது என்றால் ராத்திரி ரயில், ஒரு நாள், மறுபடி ராத்திரி ரயில். ஒரே வாய்தாவில் முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. 1000 ரூபாய் கேஸில் நிரபராதி என்று நிரூபிக்க 3000 ரூபாய் செலவாகும். கேமராவைச் சென்னையில் வைத்துக் கணியூர்க்காரனின் போனுக்குச் சலான் அனுப்ப முடிகிறது. அதே போனில் அவன் தன் பக்கத்து நியாயத்தை மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்ல முடிவதில்லை. ஒப்புக்கொள்வதற்கு மெய்நிகர் கோர்ட் இருக்கிறது, மறுப்பதற்கு நேரில் வா என்கிறது. இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

உள்ளே நடப்பதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் எஸ்.டி.சி. நம்பரில் சுருக்க விசாரணை வழக்காக எடுப்பார்கள், பேச்சு வழக்கில் பெட்டி கேஸ். பேர் கூப்பிட்டதும் போய் நிற்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். 'ஆமாம்' என்றால் தொகை சொல்வார்கள், கட்டி ரசீது வாங்கி வர வேண்டியதுதான். 'இல்லை' என்றால் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சலான் போட்டவர் சாட்சி சொல்ல வர வேண்டும். படமோ வீடியோவோ இருந்தால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி என்றார்கள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் 63-ஆவது பிரிவு. நீங்கள் சொல்ல வேண்டியதை, தேதி போட்ட டிரிப் ஷீட், எடைச்சீட்டு, டோல் ரசீது என்று தாளோடு சொல்லுங்கள். வாயால் மட்டும் சொன்னால் எடுபடாது. எடைச்சீட்டில் நேரம் அச்சாகி இருக்கும். அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல தாள் ஒரு லோடு வண்டிக்காரரிடம் இருக்காது.

அமெரிக்காவில் கவுண்டி கோர்ட்டில் டிக்கெட்டை எதிர்த்து நிற்பது பற்றி யூடியூபில் நிறையப் பார்த்துவிட்டு, "போலீஸ்காரர் வரலைன்னா கேஸ் தள்ளுபடிதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் அது உண்மைதான். இங்கே சாட்சி வராவிட்டால் முதலில் நடப்பது இன்னொரு வாய்தா. அந்த நினைப்பில் போகாதீர்கள். இலங்கையில் வேறு மாதிரி: போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தற்காலிக அனுமதிச் சீட்டு தரும், 14 நாளுக்குள் தபால் நிலையத்தில் தண்டப்பணத்தைக் கட்டி ரசீதைக் காட்டி லைசென்ஸைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் நெடுநாள் வழக்கம். கட்டாவிட்டால் நீதிமன்றம்.

தபால் என்றதும் நினைவு வருகிறது, நம் சட்டத்திலும் தபால் இருக்கிறது. 208-ஆவது பிரிவு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றம் என்றால், சம்மனிலேயே ஒரு தொகையைக் குறிப்பிட்டு, "நேரில் வா, அல்லது வக்கீல் மூலம் வா, அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்தத் தொகையை மணியார்டர் அனுப்பு" என்று கோர்ட் எழுத வேண்டும். ஒப்புதலை மணியார்டர் கூப்பனிலேயே எழுதிவிடலாம். அப்படி அனுப்பியவர் மேல் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை கிடையாது, ஒப்புக்கொண்ட காரணத்துக்காக லைசென்ஸைத் தகுதி நீக்கவும் கூடாது. கவனித்தீர்களா? ரோட்டோரத்தில் உடனே கட்டியவருக்கு இல்லாத பாதுகாப்பு, சம்மன் வரும் வரை காத்திருந்து மணியார்டர் அனுப்பியவருக்கு இருக்கிறது. பழைய பிரிவும் புதிய திருத்தமும் உட்கார்ந்து பேசிக்கொள்ளாததன் விளைவு. இதை நம்பி யாரும் சலானைக் கிடப்பில் போட வேண்டாம். ஆனால் சம்மன் கையில் வந்தால் அதன் கீழ்ப்பகுதியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், யாருக்கெல்லாம் இலவசச் சட்ட உதவி என்ற பட்டியலில், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளோடு 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்றும் போட்டிருக்கிறது. ஸ்பின்னிங் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் எத்தனையோ பேர் இதற்குள் வருவார்கள். இந்த வட்டாரத்தில் இதைத் தெரிந்தவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு என்று போர்டு இருக்கும். போனில் கேட்க 15100.

இணக்கக் கட்டணத்துக்கே இடமில்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போகும் குற்றங்களும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவது முக்கியமானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் பக்கம் அதைவிட எனக்குக் கவலை தருவது 199ஏ. பள்ளிக்கூடம் போகும் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது இங்கே சாதாரணம், பஸ் வசதி அப்படி. சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை எல்எல்ஆர் கூடக் கிடையாது. பதினாறு வயதில் ஒரு நாள் ஓட்டியதற்கு, இருபத்து நாலு வயதில் லைசென்ஸ் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பான்.

"கண்டுக்காம விட்டா என்ன?" என்பவர்களிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று காலவரையறை இருக்கிறது (புதிய சட்டத்தில் 514-ஆவது பிரிவு, தக்க காரணம் இருந்தால் கோர்ட் தாமதத்தை மன்னிக்கலாம்). தெலங்கானாவில் 2022 மார்ச்சில் டூவீலர் சலான்களில் கால் பங்கு கட்டினால் போதும் என்றார்கள், கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதி கட்டச் சொன்னார்கள். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி ஆன கதை அது. ஆனால் கோர்ட்டில் காலாவதி ஆனது கம்ப்யூட்டரில் காலாவதி ஆவதில்லை. சலான் நிலுவையாகவே நிற்கும். பேர் மாற்ற, எஃப்சி எடுக்கப் போகும்போது அது எதிரே வந்து உட்காரும். சொந்த பைக் வைத்திருப்பவர் வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடாவருடம் எஃப்சி. குட்டியானைக்காரரால் எவ்வளவு நாள் தள்ள முடியும்?

சலானே பொய்யாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஏபிகே ஃபைல் வரும், தொட்டால் போன் அடுத்தவன் கைக்குப் போய்விடும், பிறகு பேங்க் கணக்கு. எந்த அரசுத் துறையும் சலானை ஏபிகே-யாக அனுப்பாது. மெசேஜில் வந்த லிங்கைத் தொடாமல், நீங்களே தளத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அங்கே இல்லாத சலான் எங்கேயும் இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930.

வண்டியை விற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் பழைய பைக்கை ஆர்சி புக்கோடு கைக்குக் கை மாற்றிவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். வாங்கியவர் திருப்பூரில் வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன், அவன் இன்னொருவனுக்கு விற்றிருப்பான். சலான் வருவது முதல் ஆளின் போனுக்கு. 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 29-ஆம் எண் படிவம். வாங்குபவர் 30-ஆம் எண் படிவத்தோடு 30 நாளுக்குள் போக வேண்டும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விபத்து இழப்பீட்டுக்கே பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொல்லிவிட்டது, கை மாறிய கதையெல்லாம் செல்லவில்லை. அதனால் விற்கும் அன்றைக்கே 29-இல் இருவரும் கையெழுத்துப் போட்டு, வாங்கியவரின் ஆதார் நகல், தேதி, நேரம் எழுதிய டெலிவரி சீட்டு இரண்டையும் வாங்கி வையுங்கள். நேரத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். காலையில் விற்ற வண்டிக்குச் சாயங்காலமே சலான் வந்த ஆள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

அண்ணன் இப்போது தன் நம்பர் பிளேட்டை மாதம் ஒரு முறை துடைக்கிறார். "நம்முது பளிச்சுனு இருக்குதுங்க தம்பி, அந்த ஸ்கூட்டர்க்காரனல்லவா தொடைக்கோணும்?" என்றும் கேட்கிறார்.